பின்னல் நரம்பா, ஒற்றை இழை நரம்பா? ஓடும் படகிலிருந்து தூண்டில் இழுக்க ஏற்றது எது? – ஒரு விளக்கம்

புதுதில்லி: ஓடிக்கொண்டிருக்கும் படகுக்குப் பின்னால் சுமார் 50 மீட்டர் தொலைவில் ஒரு போலி இரை நீரைக் கிழித்தபடி வருகிறது. எதிர்பாராத நொடியில் பெரிய நெய்மீன் ஒன்று அதைக் கவ்விக்கொண்டு எதிர்த் திசையில் பாய்கிறது. அந்த நொடியில் மீனுக்கும் படகுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒரு நரம்பு மட்டுமே.

அந்த நரம்பு அறுந்தால் இழப்பு மீனோடு முடிவதில்லை. விலை கொடுத்து வாங்கிய இரையும் போகிறது. வாயில் கொக்கியுடனும், உடன் இழுபடும் நரம்புடனும் மீன் கடலில் அலைகிறது. நரம்பு அறாமல் தாங்கினாலும், அதைப் பிடித்திருப்பவரின் கை அறுபடும் வாய்ப்பும் உண்டு.

லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் தீவுகள், கேரளம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட கடலோரப் பகுதிகளில் இவ்வகை மீன்பிடிப்பில் ஈடுபடுவோர் முன்னுள்ள கேள்வி இதுதான்: நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ள ஒற்றை இழை நைலான் நரம்பையே தொடர்வதா, அல்லது மெல்லிய, வலிமை மிகுந்த பின்னல் நரம்புக்கு மாறுவதா? இரண்டின் இயல்புகளையும் அறிந்துகொண்டால் விடை எளிதாகிறது.

டிரோலிங் வேறு, டிராலிங் வேறு

ஓடும் படகின் பின்னால் இரை பூட்டிய தூண்டில்களை இழுத்துச் செல்லும் முறை டிரோலிங் எனப்படுகிறது. உச்சரிப்பு ஒத்திருப்பதால் பலர் இதை டிராலிங்குடன் குழப்பிக்கொள்கின்றனர். டிராலிங் என்பது விசைப்படகுகள் பெரிய இழுவலையைக் கடலுக்குள் இழுத்து, அகப்படும் அனைத்தையும் அள்ளும் முறை. டிரோலிங்கில் வலை கிடையாது. ஒரு கொக்கிக்கு ஒரு மீன் என்பதே கணக்கு.

வேகமாக நீந்தி வேட்டையாடும் மீன்களே இதில் பெரும்பாலும் சிக்குகின்றன. தமிழகத்தில் வஞ்சிரம் எனவும், கேரளத்தில் நெய்மீன் எனவும், மகாராஷ்டிரத்தில் சுர்மை எனவும் அழைக்கப்படும் மீன், மஞ்சள் துடுப்புச் சூரை, ஊழி, மயில் மீன், வாஹூ, பாரை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

படகின் வேகம் இரையைப் பொறுத்து மாறும். முன்புறம் தகடு பொருத்திய, நீருக்குள் மூழ்கி நீந்தும் இரைகளுக்கு மணிக்கு 4 முதல் 7 கடல் மைல் வேகம் போதுமானது. குஞ்சம் கட்டிய மேற்பரப்பு இரைகள் சற்றுக் கூடுதலான வேகத்தில் இழுக்கப்படுகின்றன. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். படகு ஒரு திசையில் செல்ல, மீன் மறு திசையில் பாய்வதால், கவ்வும் கணத்தில் நரம்பின் மீது விழும் அதிர்ச்சி மிகக் கடுமையானது. கரையில் நின்று தூண்டில் வீசும் முறைக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

எதனால் ஆனவை?

ஒற்றை இழை நரம்பு பெயருக்கு ஏற்ப ஒரே இழையாக வார்க்கப்படுவது. மோனோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதன் மூலப்பொருள் நைலான். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழு 1935-ஆம் ஆண்டு நைலானை உருவாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அது தூண்டில் நரம்பாகவும் பயன்பாட்டுக்கு வந்தது. தமிழகக் கடலோரங்களில் தங்கூசி என்று மீனவர்கள் குறிப்பிடுவது இவ்வகை ஒற்றை இழையைத்தான்.

பின்னல் நரம்பு என்பது நான்கு, எட்டு அல்லது அதற்கும் மேற்பட்ட நுண்ணிழைக் கற்றைகளைச் சடைபோலப் பின்னித் தயாரிக்கப்படுவது. பிரெய்டு என்று இது அழைக்கப்படுகிறது. முற்காலத்தில் பாலியெஸ்டர் இழைகள் இதற்குப் பயன்பட்டன. இன்று சந்தையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் இழைகளால் ஆனவை. டைனீமா, ஸ்பெக்ட்ரா ஆகிய வணிகப் பெயர்களில் அறியப்படும் இந்த இழைகள் 1990-களில் தூண்டில் நரம்புச் சந்தையில் பரவின. எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகைவிடப் பல மடங்கு வலிமை கொண்டவை என்பதால், கயிறுகள், மீன்பிடி வலைகள், குண்டு துளைக்காத உடைகள் ஆகியவற்றிலும் இவை இடம்பெறுகின்றன.

நீட்சியே முதல் வேறுபாடு

இரு நரம்புகளையும் பிரிக்கும் முக்கிய இயல்பு அவற்றின் நீட்சி. நைலான் ஒற்றை இழை, அறுந்துபோகும் நிலையை எட்டும் முன் தன் நீளத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை நீளக்கூடியது. பின்னல் நரம்பில் இந்த நீட்சி சில சதவீதம் மட்டுமே.

இதன் விளைவை எளிய கணக்கில் புரிந்துகொள்ளலாம். படகுக்குப் பின்னால் 50 மீட்டர் நரம்பு விடப்பட்டுள்ளது. மீன் கவ்விய இழுப்பில் நைலான் 10 சதவீதம் நீண்டால், 5 மீட்டர் அளவுக்கு அது விட்டுக்கொடுக்கிறது. அதே இழுப்பில் பின்னல் நரம்பு 1 சதவீதம் நீண்டால், கிடைப்பது அரை மீட்டர் மட்டுமே. எஞ்சிய அதிர்ச்சி முழுவதும் முடிச்சு, கோல், ரீல், மீனின் வாய் ஆகியவற்றின் மீது இறங்குகிறது.

பின்னல் நரம்பு பயன்படுத்துவோர் கூறும் பொதுவான குறை, மீன் கவ்விய உடனே கொக்கி கழன்றுவிடுகிறது என்பதாகும். மென்மையான வாய்ச் சதையைக் கொக்கி கிழித்துவிடுவதே இதற்குக் காரணம். படகு ஓட்டத்தில் இருக்கும்போது நைலானின் நீட்சி அதிர்வுதாங்கியாகச் செயல்பட்டு இந்த இழப்பைக் குறைக்கிறது.

எனினும், நீட்சியின்மைக்கும் பயன் உண்டு. தொலைவில் இரை எவ்வாறு துடிக்கிறது, அதில் பாசி சிக்கியுள்ளதா, தரையைத் தொடுகிறதா என்பவை கோலின் நுனியில் உடனே தெரிகின்றன. 100 மீட்டருக்கு அப்பால் கவ்விய மீனின் கடினமான தாடையில் கொக்கி ஆழப் பதியவும் பின்னல் நரம்பு உதவுகிறது. நீளம் கூடக்கூட நைலானில் இந்தத் தொடர்பு மங்கிவிடுகிறது.

தடிமனும் ஆழமும்

இரண்டாவது வேறுபாடு தடிமன். 50 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 22.7 கிலோ தாங்குதிறன் எனக் குறிக்கப்பட்ட நைலான் நரம்பின் விட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர். அதே தாங்குதிறன் கொண்ட பின்னல் நரம்பின் விட்டம் சுமார் 0.36 மில்லிமீட்டர். தயாரிப்புக்குத் தயாரிப்பு இந்த அளவுகள் மாறினாலும், ஏறத்தாழப் பாதி என்ற விகிதம் பொதுவாகப் பொருந்தும்.

விட்டம் பாதியானால், ரீலில் நரம்பு அடைத்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. 300 மீட்டர் நைலான் கொள்ளும் ரீலில் 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட பின்னல் நரம்பைச் சுற்ற முடியும். ஒரே ஓட்டத்தில் பல நூறு மீட்டர் நரம்பை உருவிச் செல்லும் பெரிய சூரை, மயில் மீன் போன்றவற்றுக்கு இந்தக் கையிருப்பு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக்கூடும்.

தடிமன் இரையின் ஆழத்தையும் மாற்றுகிறது. இழுக்கப்படும் நரம்பை நீர் எதிர்க்கிறது. நரம்பு தடித்தால் எதிர்ப்பும் கூடி, இரையை மேல்நோக்கித் தூக்குகிறது. எனவே ஒரே இரை, ஒரே வேகம், ஒரே நீளம் என்றாலும், பின்னல் நரம்பில் அது நைலானைவிட ஆழமாக நீந்தும். பவளப்பாறை விளிம்புகளில் ஆழத்தில் திரியும் மீன்களைத் தேடுவோருக்கு இது சாதகம். அதே நேரத்தில், நைலானில் பழகிய அளவிலேயே பின்னல் நரம்பை விட்டால், இரை பாறையில் மோதிச் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

அடர்த்தியிலும் இரண்டும் எதிரெதிரானவை. கடல்நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.025 கிராம். நைலானின் அடர்த்தி ஏறத்தாழ 1.14 என்பதால் அது மெதுவாக மூழ்கும். பாலிஎத்திலீன் இழையின் அடர்த்தி 0.97 என்பதால் பின்னல் நரம்பு மிதக்கும். படகு திரும்பும்போதோ நிற்கும்போதோ மிதக்கும் நரம்பு தளர்ந்து, வெளி இயந்திரத்தின் சுழல் விசிறியில் சிக்கக்கூடும். மெல்லிய பின்னல் நரம்பு விசிறித் தண்டைச் சுற்றி இறுகினால் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் அடைப்பு வளையத்தையும் சேதப்படுத்தும். கரையிலிருந்து தொலைவில் இயந்திரம் பழுதடைவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பாறையும் பல்லும்

இழுவிசைக்கு அசைந்து கொடுக்காத பின்னல் நரம்பு, உராய்வுக்கு எளிதில் பலியாகிறது. இறுக்கமாக இருக்கும் நிலையில் பவளப்பாறையிலோ, மட்டி படிந்த பாறையிலோ உரசினால் அதன் நுண்ணிழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, சில நொடிகளில் நரம்பு முழுவதும் போய்விடும். வழவழப்பான மேற்பரப்பும் கூடுதல் தடிமனும் கொண்ட நைலான், அதே உரசலைச் சற்று நேரம் தாங்கும்.

வெப்பமும் பின்னல் நரம்பின் பகை. நைலானின் உருகுநிலை அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை உள்ளது. பின்னல் நரம்பின் பாலிஎத்திலீன் இழையோ சுமார் 150 டிகிரியிலேயே உருகிவிடும். முடிச்சை நனைக்காமல் இறுக்கும்போது ஏற்படும் உராய்வு வெப்பம் இரு நரம்புகளையுமே பலவீனப்படுத்தக்கூடும்.

கூரிய பற்கள் கொண்ட நெய்மீன், வாஹூ, ஊழி ஆகியவற்றின் முன் இரு நரம்புகளும் ஒன்றே. கத்தரிபோல் பொருந்தும் அவற்றின் பற்கள் எதையும் வெட்டிவிடும். இரைக்கு முன்னால் சிறிது நீளம் எஃகுக் கம்பி இணைப்பது இதனால்தான் வழக்கமாக உள்ளது.

முடிச்சும் உண்மையான தாங்குதிறனும்

பாலிஎத்திலீன் இழை வழுக்கும் தன்மை கொண்டது. நைலானுக்குப் போடும் சாதாரண முடிச்சுகள் பின்னல் நரம்பில் நழுவி அவிழ்ந்துவிடும். கூடுதல் சுற்றுகள் கொண்ட இரட்டை யூனி, பலோமர், எஃப்.ஜி. போன்ற முடிச்சுகளே இதற்குப் பொருத்தமானவை. இவற்றை ஆடும் படகில், ஈரக் கையுடன் போடுவதற்குப் பயிற்சி தேவை. காலியான ரீலில் பின்னல் நரம்பை நேரடியாகச் சுற்றினால் இழுப்பின்போது மொத்தச் சுருளும் வழுக்கிச் சுழலும். எனவே முதலில் சில சுற்றுகள் நைலான் சுற்றி, அதன்மேல் பின்னல் நரம்பை இறுக்கமாகச் சுற்றுவது அவசியம். தளர்வாகச் சுற்றினால், மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச் சுற்றுகளுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும்.

நைலான் நீரை உறிஞ்சும். நீண்ட நேரம் நனைந்த நைலானின் தாங்குதிறன் 10 முதல் 15 சதவீதம் வரை குறையலாம். பின்னல் நரம்பின் இழை நீரை உறிஞ்சுவதில்லை. நனைந்தாலும் அதன் வலிமை மாறுவதில்லை. பல பின்னல் நரம்புகள் உறையில் குறிப்பிடப்பட்ட அளவைவிடக் கூடுதல் எடையில்தான் அறுகின்றன.

இது சாதனைப் பதிவில் சிக்கலை ஏற்படுத்துகிறது. 1939-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம், நரம்பின் தாங்குதிறன் அடிப்படையில் உலகச் சாதனைகளை வகைப்படுத்துகிறது. இப்பிரிவில் விண்ணப்பிப்போர் பயன்படுத்திய நரம்பின் மாதிரியையும் அனுப்ப வேண்டும். ஈர நிலையில் சோதிக்கும்போது நரம்பு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், சாதனை அந்த வகையில் ஏற்கப்படாது.

கையால் இழுப்போருக்கு எச்சரிக்கை

கோலும் ரீலும் இன்றிக் கையாலேயே நரம்பை இழுக்கும் சிறு மீனவர்களுக்கு மேற்கண்ட ஒப்பீடுகளைவிட முக்கியமானது பாதுகாப்பு. சுமை ஏறிய பின்னல் நரம்பு கத்திக்கு ஒப்பானது. மெல்லியதாகவும் நீளாததாகவும் இருப்பதால், விரலைச் சுற்றிய நிலையில் மீன் பாய்ந்தால் சதையை ஆழமாக அறுத்துவிடும். அடர்ந்த நைலான் நரம்பு கையில் பிடிப்பதற்கு வசதியானது. அதன் நீட்சி தோள், மணிக்கட்டு ஆகியவற்றின் மீதான அதிர்ச்சியையும் குறைக்கிறது.

எனவே கையால் இழுப்போருக்கு 1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த நைலானே பொருத்தமானது. எவ்வகை நரம்பானாலும் அதைக் கையிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. கையுறை அணிவது நல்லது. சிக்கலை விடுவிக்க முடியாத நிலையில் உடனே வெட்டுவதற்குக் கூரிய கத்தரி எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மழுங்கிய கத்தியில் பின்னல் நரம்பு எளிதில் வெட்டுப்படாது.

ஒரே படகில் நான்கு, ஐந்து தூண்டில்களை இழுப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிலவற்றில் நைலானும் சிலவற்றில் பின்னல் நரம்பும் கலந்திருந்தால், அவை குறுக்கிடும்போது இறுகிய பின்னல் நரம்பு நைலானை அறுத்துவிடும். கவ்விய மீன் குறுக்கே ஓடினால், அடுத்த தூண்டிலில் உள்ள மீனையும் இழக்க நேரிடலாம்.

இரண்டையும் இணைக்கும் வழி

ரீல் பயன்படுத்துவோரிடையே பரவலாகிவரும் முறை, இரண்டில் ஒன்றைத் தேர்வதற்குப் பதிலாக இரண்டையும் இணைப்பதாகும். ரீலின் அடிப்பகுதியில் நீளமான பின்னல் நரம்பு கையிருப்பாக இருக்கும். அதன் முனையில் 30 முதல் 100 மீட்டர் வரை நைலான் இணைக்கப்படும். அதற்கும் முன்னால் தடித்த நைலான் அல்லது ஃபுளூரோகார்பன் முன்நரம்பும், தேவைப்பட்டால் எஃகுக் கம்பியும் பொருத்தப்படும்.

இதனால் பின்னல் நரம்பின் கொள்ளளவும் நைலானின் அதிர்வு தாங்கும் தன்மையும் ஒருங்கே கிடைக்கின்றன. மீன் படகின் அருகே வந்ததும் கையில் பிடிபடுவது பெரும்பாலும் நைலான் பகுதியாகவே இருக்கும் என்பதால் காயமும் குறைகிறது. இணைப்பு முடிச்சு கோலின் வளையங்களில் தட்டாமல் செல்லும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். உள்ளீடற்ற பின்னல் நரம்பாக இருந்தால், நைலானை அதன் உள்ளே செலுத்தி முடிச்சின்றியே இணைக்கலாம்.

ரீலின் பிடிமான விசையைச் சரியாக அமைப்பதும் முக்கியம். அறுபடும் எடையில் 25 முதல் 30 சதவீதம் வரை என்பது பொதுவான அளவு. 22.7 கிலோ நரம்புக்கு இது ஏறத்தாழ 6 முதல் 7 கிலோ வரை. கைத்தராசு ஒன்றை நரம்பில் மாட்டி இழுத்து இதைச் சரிபார்க்கலாம். பின்னல் நரம்பு மட்டுமே பயன்படுத்தினால், மீன் கவ்வும் வரை இந்த விசையைச் சற்றுத் தளர்வாக வைத்து, வளையும் தன்மை கூடிய கோலைப் பயன்படுத்துவது கொக்கி கழல்வதைக் குறைக்கும்.

பராமரிப்பும் செலவும்

விலையில் பின்னல் நரம்பு நைலானைவிடப் பல மடங்கு அதிகம். ஆயினும் அதன் ஆயுளும் அதிகம். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களால் நைலான் நாளடைவில் வலுவிழந்து, ரீலில் சுருண்ட வடிவத்திலேயே விறைத்துவிடும். அடிக்கடி கடலுக்குச் செல்வோர் பருவத்துக்கு ஒரு முறையாவது அதை மாற்றுவது நல்லது. பின்னல் நரம்பைப் பல பருவங்கள் பயன்படுத்தலாம். முன்பகுதி தேய்ந்தபின் தலைகீழாக மாற்றிச் சுற்றினால் பயன்படாத பகுதி முன்னே வரும். இரண்டையும் பயணம் முடிந்ததும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

கடலில் விடப்படும் நரம்பு

லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் ஆகிய இரு தீவுக் கூட்டங்களைச் சுற்றியுள்ள கடற்பரப்பு, இந்தியாவின் தனிப்பொருளாதார மண்டலத்தில் ஏறத்தாழப் பாதி ஆகும். பவளப்பாறைகள் நிறைந்த இந்தப் பகுதிகளில் அறுந்து விழும் நரம்பு எளிதில் மறைவதில்லை. நைலான், பாலிஎத்திலீன் ஆகிய இரண்டுமே மக்காத நெகிழிகள். பவளக் கிளைகளைச் சுற்றி இறுகும் நரம்பு அவற்றை உடைக்கிறது. ஆமைகளும் கடற்பறவைகளும் அதில் சிக்கி உயிரிழக்கின்றன.

எனவே எளிதில் அறுபடாத நரம்பைத் தேர்வது செலவு சார்ந்தது மட்டுமன்று. தாங்குதிறன் குறைந்த நரம்பில் பெரிய மீனை நெடுநேரம் போராடவிட்டுப் பின்னர் விடுவித்தால், களைத்த மீன் பிழைக்காமல் போகலாம். சேதமான நரம்பைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும். 1983-ஆம் ஆண்டு தெற்கு அந்தமானில் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மீன்பிடிக்கத் தடை உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

எதைத் தேர்வு செய்யலாம்?

கையால் இழுப்போருக்கும், புதிதாகப் பழகுவோருக்கும், மேற்பரப்பில் குஞ்ச இரைகளை வேகமாக இழுப்போருக்கும் நைலான் ஒற்றை இழையே ஏற்றது. விலை குறைவு, முடிச்சு எளிது, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை அதிகம் ஆகியவை அதன் சிறப்புகள்.

சிறிய ரீலில் அதிக நீளம் தேவைப்படுவோருக்கும், மூழ்கும் இரைகளை ஆழத்தில் இழுப்போருக்கும் பின்னல் நரம்பு பயன் தரும். எனினும் அதன் முனையில் நைலான் பகுதியை இணைக்காமல் நேரடியாக இரையைக் கட்டுவது நல்லதன்று. ஒரே படகில் பல தூண்டில்களை இழுக்கும்போது, இரைப் பக்கமாக நீரில் இருக்கும் நரம்பு அனைத்திலும் ஒரே வகையாக இருப்பது பாதுகாப்பானது.

எந்த நரம்பாயினும், கடலுக்குப் புறப்படும் முன் கடைசிச் சில மீட்டர்களை விரல்களுக்கிடையே மெதுவாக உருவிப் பார்ப்பது பயன் தரும். சொரசொரப்போ, நசுங்கலோ, பிரிந்த இழையோ தென்பட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிய முடிச்சுப் போட வேண்டும். இரண்டு நிமிடங்களே ஆகும் இந்தச் சோதனை, நாள் முழுவதும் காத்திருந்து கிடைக்கும் ஒரே மீனைக் காப்பாற்றக்கூடும்.